பஸ்ஸுக்கு நிற்கும் நாரை

1

என் மனைவி சுகிர்தம் காலமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, சென்ற மாதம் என் மகனின் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்தது. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் ஒன்றின் கரையிலுள்ள நகரம் இது. இங்கே நாங்கள் அறிந்த தமிழ்க் குடும்பங்கள் சில வந்திருந்தன. வேதபாடம் வாசித்தார்கள், ஒரு கீர்த்தனை பாடினார்கள், பிறகு கேசரியும் வடையும் பரிமாறப்பட்டன. எல்லாம் முடிந்த பின் என் மகன் பிரேம், அம்மாவின் நினைவாகத் தான் ஒன்று செய்திருப்பதாகச் சொல்லி, கணிப்பொறி இருக்கும் அறைக்கு எல்லாரையும் அழைத்தான்.

திரையில் அவளுடைய பெயரோடு ஒரு பறவைக் கையேடு விரிந்தது. பறவைகளின் வண்ணப் படங்கள் வந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் குயில் கூவியது. வந்தவர்கள் கைதட்டினார்கள். "சூப்பர் பிரேம், அம்மா பார்த்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க" என்றார் ஒரு பெண்மணி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நன்றாக இருக்கிறது" என்றேன்.

அதற்கு மேல் எதையும் அன்று அங்கே சொல்ல என்னால் இயலவில்லை. சொல்ல வேண்டியதைத் தாம்பரம் பக்கத்து வாசகர்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன். பஸ்ஸுக்காக நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்காவது தெரியும்.

2

எண்பதுகளின் நடுவில் நான் குரோம்பேட்டைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் கணிப்பொறியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் இயந்திரம் குளிரூட்டப்பட்ட அறையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதைத் தொட்டவர்களைவிடக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களே அதிகம். அந்த நாளில் சுகிர்தத்தின் தம்பி லண்டனிலிருந்து வரும்போது ஒரு சிறிய வீட்டுக் கணிப்பொறியைக் கொண்டுவந்து கொடுத்தான். பார்ப்பதற்குத் தட்டச்சுப்பொறியின் பலகையைப் போல இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால் திரையில் எழுத்துகள் வரும். எழுதிய நிரலைப் பாட்டுக் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். மறுநாள் அந்தக் கேசட்டை ஓடவிட்டால், இயந்திரம் கிறீச்சிட்டபடி தன் ஞாபகத்தைத் திரும்பப் பெறும்.

சுகிர்தம் தாம்பரத்தில் ஒரு பள்ளியின் உயிரியல் ஆசிரியை. பறவை பார்ப்பது அவளுடைய ஆசை, கணிப்பொறி என்னுடையது. இரண்டையும் இணைத்து ஒரு விளையாட்டை எழுதினேன். அதன் அமைப்பு எளிமையானது. ஆடுபவர் மனத்தில் ஒரு பறவையை நினைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் கேள்விகள் கேட்கும். 'ஆம்', 'இல்லை' என்று விடை சொன்னால் கடைசியில் அது பறவையின் பெயரைச் சொல்லும். தவறாகச் சொல்லிவிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டு, 'நீ நினைத்த பறவை எது? அதற்கும் நான் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கேள்வியாகச் சொல்' என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். இப்படித் தோற்றுத் தோற்றே அது கற்கும். தொடக்கத்தில் அதற்குக் காகம் ஒன்றுதான் தெரியும்.

இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்து கிடையாது. ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினோம்.

3

முதலில் அதைத் தோற்கடித்தவர் பாபு. ஜி.எஸ்.டி. சாலையில் தொலைக்காட்சி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். திரை ஒழுங்காகத் தெரியவில்லை என்று நான் அழைத்திருந்தேன்.

"இன்னா சார், படத்தையே காணோம், எழுத்துதான் வந்துகினு கீது? பாட்டு கேசட்ட போட்டா கொய்யுனு கத்துது. செம பேஜாரா கீதே!"

"இது கம்ப்யூட்டர் பாபு" என்றேன்.

சுகிர்தம் காபியோடு வந்தாள். "ஒரு பறவையை மனசுல நினைச்சுக்கோங்க பாபு. இது கண்டுபிடிக்கும்."

"இன்னா டீச்சர், கிளி ஜோசியமா? நெல்லு எதுனா போடணுமா?"

"போடவேண்டாம். நினைச்சுக்கோங்க."

"நெனச்சிகினேன்."

இயந்திரம் தனக்குத் தெரிந்த ஒரே பறவையைச் சொன்னது. காகமா?

"இல்ல. கோயி."

பறவையின் பெயரைத் தட்டினேன். காகத்துக்கும் கோழிக்கும் வித்தியாசம் என்னவென்று அது கேட்டது. பாபு சிரித்த சிரிப்பில் காபி தளும்பியது. "லண்டன் மிசினுக்கு இதுகூடத் தெரியாதா? கொயம்பு வெக்கலாமான்னு கேளு சார்!"

'வீட்டில் வளர்க்கப்படும் பறவையா?' என்று நான் தட்டத் தொடங்கினேன். சுகிர்தம் என் கையை விசைப்பலகையிலிருந்து நகர்த்தினாள்.

"ஏங்க, அவர் சொன்னதை அடிங்க."

"இதுவும் அதே பொருள்தான்."

"இல்லை. ஜெயிச்சவங்க சொல்ற கேள்விதான் உள்ளே போகும். அதுல யாரும் கை வைக்கக் கூடாது. நீங்களும்தான், நானும்தான்."

நாள் முழுவதும் விடைத்தாளில் சிவப்பு மை பூசுகிற ஆசிரியை வகுத்த விதி இது. இதன் விளைவு என்னவென்றால், முதலில் சேர்ந்த கேள்வி என்பதால் அதுவே மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் தலைவாசல் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து அந்த விளையாட்டை ஆடிய ஒவ்வொருவரிடமும் இயந்திரம் முதலில் கேட்டது, குழம்பு வைக்கலாமா என்பதைத்தான். எங்கள் சபைப் போதகர் ஒரு முறை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ஆலயத்துப் புறாவை நினைச்சிருக்கேன். இப்படிக் கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"மனசாட்சிப்படி சொல்லுங்க ஐயா" என்றாள் சுகிர்தம்.

4

இரண்டாவது விதியும் அவளுடையதே. கண்ணால் பார்த்த பறவையை மட்டுமே இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கலாம். புத்தகத்தில் பார்த்தது சேராது. வண்டலூரில் விலங்குக் காட்சிசாலை திறந்த புதிதில் போய் வந்தோம். அங்கே பார்த்த நெருப்புக்கோழியைச் சேர்க்க வேண்டும் என்று பிரேம் அடம்பிடித்தான்.

"கூண்டுல இருக்கிறது கணக்குல வராதுடா. அங்கே அதுதான் நம்மளைப் பார்த்துச்சு" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே ஒரு பறவையைச் சேர்க்க வேண்டுமானால் பயணம் போயாக வேண்டும். குளிர்காலத்தில் வேடந்தாங்கல். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோடியக்கரை. கோடை விடுமுறையில் முதுமலை. அங்கே யானைக்கூட்டம் சாலையைக் கடப்பதற்காக எங்கள் வண்டி நின்றபோது, எல்லாரும் யானையைப் பார்க்க, அவள் மட்டும் எதிர்ப்புறத்து மூங்கிலில் இருந்த ஒரு வெண்ணிறக் குருவியைப் பார்த்தாள். உடலைவிடப் பல மடங்கு நீண்ட வால் அதற்கு. வீடு திரும்பியதும் குளிப்பதற்கு முன்பே தொலைக்காட்சியைப் போட்டாக வேண்டும். செருப்பில் முதுமலைப் புழுதி இருக்கையிலேயே, 'ரிப்பன் அவிழ்ந்து தொங்குதா?' என்ற கேள்வி இயந்திரத்துக்குள் போயிற்று. மாடம்பாக்கம் ஏரிக்கரையில் எங்களைக் கண்டாலே அலறும் ஆள்காட்டிக் குருவிக்கு, 'நாம ஒண்ணுமே பண்ணலைன்னாலும் திட்டுமா?' என்பது கேள்வி.

நாங்கள் குடியிருந்த சேலையூரில் அப்போது மின்சாரம் சொல்லாமல் போகும். கேசட்டில் பதிவதற்குள் போய்விட்டால் அன்று கற்றதெல்லாம் போயிற்று. மின்விசிறி லேசாகத் தடுமாறினால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்: "சேவ் பண்ணிட்டீங்களா?"

பள்ளிக்கரணைச் சதுப்புக்கு அடிக்கடி போவோம். ஒரு பக்கம் குப்பை லாரிகள் கொட்டிக்கொண்டிருக்கும், மறுபக்கம் பறவைகள் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குப்பையின் ஓரத்தில்தான் சாம்பல் நாரையை முதன்முதலாகப் பார்த்தோம். தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, தண்ணீரில் அசையாமல் நின்றது. சுகிர்தம் தொலைநோக்கியை இறக்காமலே சொன்னாள்.

"தாம்பரத்துல பஸ் வராம நிக்கிறவங்க மாதிரியே இல்ல? கோபமும் இல்ல, நம்பிக்கையும் இல்ல. சும்மா நிக்குது பாருங்க."

'பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குமா?' இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்னவர் யாரும், பிறகு நாரை என்ற விடையை மறுத்ததில்லை. தரவுக் கட்டமைப்பு என்ற பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். இவ்வளவு துல்லியமாகப் பிரிக்கும் கேள்வியை என்னால் எழுத முடிந்திருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரிக்குப் புதிய இயந்திரங்கள் வந்தபோது, கேசட்டிலிருந்த யாவற்றையும் அகன்ற நெகிழ்வட்டு, அதாவது ஃப்ளாப்பி டிஸ்க், ஒன்றுக்கு மாற்றிக்கொண்டேன். அதைத் தொலைநோக்கியின் உறைக்குள் வைத்தாள் சுகிர்தம். "ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு எதுக்கு?" என்றாள்.

5

பிரேம் படித்து முடித்து இந்நாட்டுக்கு வந்து வேலையில் அமர்ந்தான். எங்களையும் நிரந்தரமாக வரவழைக்க விண்ணப்பித்தான். ஒரு முறை இந்தக் கண்டத்துப் பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை அவளுக்கு அனுப்பினான். அதில் பெரிய நீல நாரை என்று ஒரு பறவை. நம் சாம்பல் நாரையின் சாயல் அப்படியே இருக்கும்.

"பள்ளிக்கரணை ஆளோட அமெரிக்க அண்ணன்" என்றாள் சுகிர்தம். "இவரை வச்சு உங்க மெஷினைத் தோக்கடிக்கிறேன். கேள்விகூட ரெடி."

"என்ன கேள்வி?"

"பார்க்காத பறவைக்குக் கேள்வி சொல்லலாமா? போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

நான் பலமுறை கேட்டேன். சொல்லவில்லை. விதி விதிதான் என்று சிரித்தாள்.

எங்கள் காகிதங்கள் பெயர்களில் சிக்கின. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? நான் என் தகப்பனாரின் பெயராகிய ஆசீர்வாதம் என்பதை எழுதினேன். சுகிர்தம் கணவன் பெயராகிய தங்கராஜ் என்பதை எழுதினாள். பிரேமுக்கும் தகப்பன் பெயர் தங்கராஜ்தான். ஆக, கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு. தாய்க்கும் மகனுக்கும் ஒரே குடும்பப் பெயர், தகப்பன் மட்டும் வேற்றாள். இம்மூவரும் ஒரே குடும்பம் என்பதற்குச் சான்று வேண்டும் என்று கடிதம் வந்தது. திருமணச் சான்றை அனுப்பினோம். அதில் அவளுடைய தலைப்பெழுத்து அவள் தகப்பனாருடையது. ஏன் வேறுபடுகிறது என்று மறுகடிதம். ஞானஸ்நானச் சான்றை அனுப்பினோம். பிறப்புச் சான்றுதான் வேண்டும் என்றார்கள். உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். மருத்துவப் பரிசோதனை செய்தோம். காகிதங்கள் ஒப்பாகுமுன் பரிசோதனை காலாவதியாகி, மறுபடி செய்தோம்.

அப்படி ஒரு மழைக்காலத்தில், வகுப்பு முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பியவள் நெஞ்சு வலிப்பதாகச் சொன்னாள். மறுநாள் காலை அவள் இல்லை.

நேர்காணலுக்கு இருவரும் வரவும் என்ற கடிதம் அடக்கம் முடிந்த பிறகு வந்தது. நான் ஒருவனாகப் போனேன். இரண்டாம் விண்ணப்பதாரர் எங்கே என்று கேட்டார்கள். அதற்கும் ஒரு சான்று கொடுத்தேன். அதில் பெயர் சரியாக இருந்தது.

6

இங்கே என்னை ஆசீர்வாதம் என்று அழைக்கிறார்கள். வங்கியிலும் மருத்துவமனையிலும் அந்தப் பெயர் கூப்பிடப்படும்போது, எப்போதோ மறைந்த என் தகப்பனார் எழுந்துவரட்டும் என்று ஒரு கணம் காத்திருக்கிறேன். ஒரு முறை அலுவலகச் சாளரத்தில், சந்தேகம் ஒன்று கேட்க வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் நம் வழக்கப்படி 'டவுட்' என்று சொன்னேன். எங்களைச் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று அந்தப் பெண் மிகுந்த கனிவோடு பதில் சொன்னாள். நாற்பதாண்டுகள் ஆங்கிலத்தில் பாடம் நடத்தியவன் நான்.

பறவை நோக்கர் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஏரியில் நின்ற பறவை ஒன்றை விவரிக்கச் சொன்னார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல நின்றது என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கார் வைத்திருப்பவர்கள். பஸ் வராமலிருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. குழுத்தலைவர் மரியாதையாகத் தலையசைத்து, 'நிமிர்ந்த நிலை' என்று குறித்துக்கொண்டார். நாரை நிமிர்ந்து நிற்கவில்லை.

இப்போது பிரேமின் பரிசுக்கு வருகிறேன். தொலைநோக்கி உறையிலிருந்த நெகிழ்வட்டை நான்தான் அவனிடம் கொடுத்தேன். அதை வாசிக்கும் பழைய இயந்திரம் ஒன்று அவன் அலுவலகத்தில் இருந்தது. ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் போன பின், நான் அந்தக் கையேட்டின் முன் உட்கார்ந்தேன். அலகின் நீளம், காலின் நிறம், வாழிடம் என்று சுத்தமான ஆங்கிலத்தில் கேள்விகள் வந்தன. நாரையிடம் வந்தேன். நிற்கும் நிலை: நிமிர்ந்தது, குனிந்தது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.

"பிரேம், பழைய கேள்வியெல்லாம் எங்கேப்பா?"

"எல்லாம் இருக்குப்பா. கொஞ்சம் சரி பண்ணி, டீசன்டா மாத்தியிருக்கேன். ஆபீஸ்ல காட்டினேன், ஒருத்தனுக்கும் புரியலை. குழம்புன்னா என்னன்னு கேக்கறாங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்பா. அப்ப இது பறவை புரோகிராமா, சமையல் புரோகிராமான்னு கேட்டான் ஒருத்தன்."

"அம்மாவோட டிஸ்க்?"

அவன் குரல் தணிந்தது. "அந்த மெஷினைத் தூக்கிப் போட்டுட்டாங்கப்பா. டிஸ்க் அதுக்குள்ளேயே இருந்திருக்கு. காப்பிதான் இருக்கேன்னு நானும் தேடலை."

"அந்தக் காப்பி?"

"அதுலதான்பா மாத்தினேன்."

கோபிக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பல வார இறுதிகளை அவன் இதற்காகச் செலவிட்டிருந்தான். தன் தாயை எல்லாருக்கும் காட்ட விரும்பினான். காட்டுவதற்கு முன் முகம் கழுவிவிட்டான், அவ்வளவுதான்.

அலுவலகத்தின் பழைய சேமிப்பு நாடாக்களில் மூலம் இருக்கலாம் என்றேன். கேட்டுப் பார்த்தான். அலுவல் தேவை என்ன என்று ஒரு கட்டம் இருந்ததாம். குடும்பம் என்று எழுதினான், திருப்பி அனுப்பினார்கள். மேலாளரின் ஒப்புதலோடு மறுபடி அனுப்பினான். பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது தங்கள் வழக்கம் என்று சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது.

நானே மீண்டும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எந்தக் கேள்வியிலிருந்து எது பிரிந்தது என்ற மரத்தின் வடிவம் முழுவதும் என் நினைவில் இருக்கிறது, வரைந்தும் விட்டேன். ஆனால் கிளைகளில் இருந்த அவளுடைய சொற்களில் மிகச் சில மட்டுமே எனக்கு வருகின்றன. மீன்கொத்திக்கு என்ன கேட்டாள்? செங்கால் நாரைக்கு? வேடந்தாங்கலில் மழையில் நனைந்துகொண்டே அவள் சொன்ன ஒன்றுக்கு நானும் பிரேமும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்தது நினைவிருக்கிறது. கேள்வி நினைவில்லை. மூன்று பட்டங்கள் பெற்ற மூளை இது.

7

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பிரேம் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனான். அழகான இடம்தான். தண்ணீர் அடிவானம் வரை நீலமாகக் கிடந்தது. குப்பை என்று ஒரு காகிதம்கூட இல்லை. கார் நிறுத்துமிடத்துக்கு அருகில், நாணலோரத்தில், அது நின்றது. தோளைக் குறுக்கி, கழுத்தை இழுத்துக்கொண்டு, எதற்கோ காத்து நின்றது.

இருவரும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். வாரக்கணக்காக எங்களிடையே சாப்பாட்டையும் தட்பவெப்பத்தையும் பற்றிய பேச்சு மட்டுமே இருந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்:

"அப்பா, ஒரு பறவையை நினைச்சுக்கோங்க."

நான் இருக்கைப் பட்டையைக் கழற்றினேன்.

"நினைச்சுட்டீங்களா? குழம்பு வைக்கலாமா?"

பாபுவின் கேள்வியை எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒரு மனிதக் குரலில் கேட்டேன். "வைக்க முடியாது" என்றேன்.

"தண்ணியில நிக்குமா?"

"நிற்கும்."

"வெள்ளை வேட்டி கட்டியிருக்கா?"

கொக்குக்கு அவள் வைத்த கேள்வி. அதை நான் மறந்தே போயிருந்தேன். அவனுக்கு நினைவிருந்திருக்கிறது. "இல்லை."

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குமா?"

"ஆம்."

"அப்போ சாம்பல் நாரை."

"இல்லை" என்றேன்.

அவன் திரும்பி நாணலோரத்தைப் பார்த்தான். அந்தப் பறவையை அவன் கடந்த சில ஆண்டுகளில் எத்தனையோ முறை பார்த்திருப்பான். இப்போதுதான் பார்ப்பவனைப்போல வெகுநேரம் பார்த்தான்.

"தோத்துட்டேன்பா. என்ன பறவை?"

"பெரிய நீல நாரை."

"சாம்பல் நாரைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? கேள்வியாச் சொல்லுங்க."

புத்தகத்து விடை எனக்குத் தெரியும். இதன் தொடை செம்பழுப்பு, உடல் சற்றுப் பெரிது. தொடை செம்பழுப்பா என்று கேட்டால் போதும், இரண்டும் பிழையின்றிப் பிரிந்துவிடும். அவள் வைத்திருந்த கேள்வி அது அல்ல என்பதும் தெரியும். என்னவாக இருந்திருக்கும் என்று இரண்டு ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன், கிடைத்ததில்லை. ஆனால் ஜெயித்தவன் நான். விதிப்படி நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

"அம்மா பார்த்திருக்காளா?" என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இது பறவையைப் பற்றிய கேள்வியே இல்லை என்று சொல்ல நினைத்திருக்கலாம்.

"ஜெயிச்சவங்க கேள்வி. கை வைக்கக் கூடாது" என்றான்.

வீடு வந்ததும் உடையைக்கூட மாற்றாமல் கணிப்பொறியின் முன் அமர்ந்தான். ஆங்கில எழுத்தில் தமிழாகவே தட்டினான். சரிபார்க்கவில்லை. நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். இந்த ஊரில் மின்சாரம் போவதே இல்லை. நான் வந்த நாளிலிருந்து ஒரு முறைகூடப் போனதில்லை.

"சேவ் பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.